அண்டை நாட்டின் நிழலில் ஒரு பத்திக் சட்டை

மலேசியாவின் பினாங்கில் உள்ள ஜார்ஜ் டவுனில், மெழுகிட்டுச் சாயமேற்றும் பத்திக் துணியில் சட்டை எடுக்கச் சென்றிருந்தபோது, எனக்கு முன்னே நின்ற வெளிநாட்டுப் பயணி, "இது இந்தோனேசியத் துணிதானே?" என்று கேட்டார். கடைக்கார அக்கா முகம் சுளிக்காமல் துணியை விரித்து, இது தூரிகையால் வண்ணம் தீட்டியது, இலையும் பூவும் பெரிதாக இருக்கும், இந்தோனேசியாவின் ஜாவாத் தீவுப் பத்திக்கில் நுணுக்கமான வடிவங்கள் நெருக்கமாக நிறைந்திருக்கும் என்று விளக்கினார்.

மொழியும் உடையும் உணவும் பெரிதும் ஒத்திருக்க, நம்மைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு மக்கள்தொகை கொண்ட இந்தோனேசியாவின் அருகில் இருப்பதால், இப்படி விளக்கிக்கொண்டே இருப்பது மலேசியர்களான நமக்குப் பழகிவிட்டது. 2009-இல் யுனெஸ்கோ இந்தோனேசியப் பத்திக்கைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டில்தான் மலேசியா குறித்த தொலைக்காட்சித் தொடரொன்றின் விளம்பரத்தில் பாலித் தீவின் பெண்டெட் நடனம் இடம்பெற்று, இந்தோனேசியாவில் கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. அவர்களுடைய கோபம் நியாயமானதே என்பது என் எண்ணம்.

பந்துன் என்னும் மலாய்க் கவிதை வடிவத்தை 2020-இல் இரு நாடுகளும் சேர்ந்தும், கெபாயா என்னும் பெண்களின் மேலாடையை 2024-இல் ஐந்து நாடுகள் சேர்ந்தும் பதிவு செய்தது எவ்வளவோ மேல். அதே 2024-இல் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு), ரொட்டி சானாய் (பரோட்டா போன்றது), தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) அடங்கிய மலேசியக் காலையுணவுப் பண்பாடும் பட்டியலில் ஏறியது. (ரொட்டி வீசிய நம் தமிழ் முஸ்லிம் கைகளுக்கும் அதில் பங்குண்டு.) பல இனத்தார் ஒரே மேசையில் உண்ணும் அந்த வழக்கமே, எந்தச் சுற்றுலா விளம்பரத்தையும்விட நம்மைத் தெளிவாகக் காட்டுகிறது.

அந்தப் பயணி இரண்டு சட்டைகள் வாங்கினார்; எனக்குத்தான் அளவு கிடைக்கவில்லை.