ஆறு வினைச்சொற்கள்

மங்கோலியர் பக்கத்தில் ஆறு வரி மிஞ்சியது. சிறுவர்களுக்கான உலக வரலாற்று நூல். மாலைக்குள் அச்சுக்குப் போயாக வேண்டும். எதையாவது வெட்ட வேண்டியிருந்தது. நான் புகாராவை வெட்டினேன்.

1220இல் செங்கிஸ் கானிடம் விழுந்த மத்திய ஆசிய நகரம் அது. அங்கிருந்து தப்பி வந்த ஒருவரிடம் என்ன நடந்தது என்று கேட்டார்களாம். "வந்தார்கள், பெயர்த்தார்கள், எரித்தார்கள், கொன்றார்கள், அள்ளினார்கள், போனார்கள்" என்றாராம். அதே நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் ஜுவைனி பாரசீக மொழியில் எழுதிவைத்தது. மூலத்திலும் ஆறே வினைச்சொற்கள்தான். தமிழில் அது அப்படியே வந்து உட்கார்ந்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதைத்தான் தூக்கினேன்.

லேஅவுட் செய்யும் பெண் திரும்பிப் பார்த்தார். "சார், அந்த வரிக்காகத்தான் பின்னணியைக் கறுப்பா வெச்சேன்."

"சின்னப் பிள்ளைங்க படிக்கிறதும்மா. எரிச்சான், கொன்னான் எல்லாம் எதுக்கு?"

"அப்போ இந்தப் படை வரிசை மட்டும் எதுக்கு சார்?"

பக்கத்தின் பாதியை அடைத்துக்கொண்டு அந்தப் படம் இருந்தது. பத்துப் பேருக்கு ஒரு தலைவன், அப்புறம் நூறு, ஆயிரம், பத்தாயிரம் பேர் சேர்ந்தால் ஒரு துமேன். பழைய குலங்களைக் கலைத்து இந்தப் பிரிவுகளில் சிதறவிட்டதால்தான் வீரனின் விசுவாசம் குலத்தலைவனை விட்டுக் கானிடம் போனது என்று கீழே நானே எழுதியிருந்தேன். நல்ல படம், பிள்ளைகள் குதிரைகளை எண்ணிப் பார்ப்பார்கள். அந்தப் பத்தாயிரம் பேர் எங்கே போனார்கள், போய் என்ன செய்தார்கள் என்பது மட்டும் பக்கத்தில் எங்கும் இல்லை.

நேரமாச்சு என்று சொல்லிச் சமாளித்தேன்.

காரணம் இல்லாமலும் இல்லை. 1221இல் மெர்வ் நகரில் 13 லட்சத்துக்கும் மேல் பிணங்களை எண்ணினார்கள் என்று எழுதியவரும் இதே ஜுவைனிதான். அந்த எண்ணை இன்றைய ஆய்வாளர்கள் நம்புவதில்லை. அப்படிப்பட்டவரை நம்பிப் பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுப்பது என்று எனக்குள் வாதாடிப் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் வெட்டிய வரியில் எண்ணே கிடையாதே.

உண்மையான காரணம் பக்கத்தின் ஓரத்தில் இருந்த பெட்டிச் செய்தி. சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281இல் பொறித்த தமிழ்க் கல்வெட்டு. சம்பந்தப் பெருமாள் என்பவர், செகசை கானின் ஆணைப்படி, அவருடைய நலனுக்காக அங்கே சிவனை எழுந்தருளச் செய்தார் என்கிறது. அந்தக் கான் செங்கிஸின் பேரன் குப்ளாய்தான் என்பார்கள். அவர் சீனத்தின் சுங் அரசை முடித்துவைத்து அப்போது இரண்டே வருடம். அந்தப் பெட்டியும் ஏறக்குறைய ஆறு வரிதான். நம் எழுத்து என்று அதில் கை வைக்க மனம் வரவில்லை. இதை அந்தப் பெண்ணிடம் நான் சொல்லவில்லை.

ஜுவைனியைப் பற்றி அப்புறம்தான் தேடிப் படித்தேன். அவர் மங்கோலியரிடம் வேலை பார்த்தவர். 1256இல் பாரசீகத்தின் அலமூத் மலைக்கோட்டை மங்கோலியரிடம் விழுந்தபோது, அங்கிருந்த நூலகத்தைப் பார்க்க, செங்கிஸின் இன்னொரு பேரனான ஹுலாகு கானிடம் அனுமதி கேட்டு உள்ளே போனார். குர்ஆன் பிரதிகளையும் நல்ல நூல்கள் என்று தோன்றியவற்றையும் வானியல் கருவிகளையும் எடுத்துக்கொண்டார். தவறான சமயக் கருத்து என்று பட்ட மற்றவற்றை எரித்தார். 1258இல் பாக்தாதை ஹுலாகு அழித்த மறு வருடம் அந்த நகரத்துக்கே ஆளுநரானார். அதே வருடம்தான் ஈரானின் மராகாவில் ஹுலாகுவின் பணத்தில் வானாய்வுக்கூடம் எழும்பத் தொடங்கியது. இப்படிப்பட்டவர் அந்த ஆறு சொற்களை மட்டும் விடாமல் எழுதிவைத்திருக்கிறார். தன் முதலாளிகளைப் பற்றி! எனக்கு முதலாளி நெருக்கடிகூடக் கிடையாது. ஆனாலும் நான் யாருடைய புத்தகத்தையும் எரிக்கவில்லை, ஒரு வரியைத்தான் எடுத்தேன்.

அதே பக்கம் மறுபடி வந்தாலும் கல்வெட்டைத்தான் வைப்பேன் என்று தோன்றுகிறது. படை வரிசைப் படத்தை இரண்டு விரற்கடை சுருக்கியிருந்தால் இரண்டுமே நின்றிருக்கும். லேஅவுட் பெண் அதைத்தான் கேட்டாரோ என்னவோ.

வரி போன இடத்துக்கு, 'யாம்' என்ற மங்கோலிய அஞ்சல்முறை பற்றிய குறிப்பை மேலே ஏற்றினோம்: ஒரு நாள் பயணத் தொலைவுக்கு ஒரு நிலையம், மாற்றுக் குதிரை, கானின் முத்திரைத் தகடு. பின்னணியை அவர் மாற்றவில்லை. அச்சில் அந்த அஞ்சல் குதிரை புகை நிற வானத்தின் கீழ் ஓடுகிறது. ஏன் இவ்வளவு இருட்டு என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.