ரோட்டரி வால்வு: முதலில் நெருப்பு, அப்புறம் அளவு

பம்பு புஷ்ஷில் 0.02 மி.மீ. பிடித்துப் பழகிய கோவை லேத்காரருக்கு, டிரம்பெட் மாதிரி பித்தளை ஊது வாத்தியத்தின் ரோட்டரி வால்வுக்கு ரோட்டர் (உள்ளே சுழலும் உருளை) கடைவது பெரிய வேலையில்லை. எல்லாரும் கோட்டை விடுவது பற்றவைக்கும் வரிசையில்தான்.

1835ல் வியன்னாவில் யோசஃப் ரீடில் காப்புரிமை வாங்கிய அமைப்பு இது. உறையில் 90 டிகிரிக்கு ஒன்றாக நாலு வாசல், உள்ளே இரண்டு வழி வெட்டிய உருளை. லீவரை அழுத்தினால் உருளை கால் சுற்றுத் திரும்பி, காற்றைக் கூடுதல் குழாய்க்குத் திருப்பிவிடும். நம்ம கல்யாண பேண்டு செட்டில் பெரும்பாலும் மேலும் கீழும் போகும் பிஸ்டன் வால்வுதான் என்பதால் இதைப் பிரித்துப் பார்த்தவர்கள் குறைவு.

பித்தளை உறையை முடிவளவுக்கு 0.3 மி.மீ. குறைவாகவே போரிங் போட்டு (உள்துளை கடைந்து) நிறுத்துங்கள். நாலு வாசல் குழாய்களையும் சில்வர் பிரேசிங் (வெள்ளி கலந்த பற்றால் ஒட்டுவது) செய்யும்போது சூடு 650 டிகிரியைத் தாண்டும். உறை கட்டாயம் கோணும். முதலிலேயே அளவு முடித்திருந்தால் ரோட்டர் உள்ளே போகாது, அல்லது ஒரு பக்கம் உரசும். பிரேசிங் முடித்து, ஆசிடில் கழுவி, அப்புறம்தான் துளையை முடிவளவுக்குக் கொண்டுவரும் ரீமர். அதற்கு மேல் அந்த உறையில் குறைந்த சூட்டில் ஒட்டும் ஈயப் பற்று மட்டும்தான்.

கடைசிப் பொருத்தத்துக்கு பியூமிஸ் (நுரைக்கல்) தூளும் எண்ணெயும் போதும். பேரில் வால்வு இருக்கிறதே என்று எஞ்சின் வால்வுக்குப் போடும் கிரைண்டிங் பேஸ்ட்டை எடுத்துவிடாதீங்க. அந்தத் துகள் பித்தளையில் புதைந்து, கழுவின பிறகும் அறுத்துக்கொண்டே இருக்கும். ரோட்டர் நிற்க வேண்டியது இரு முனை பேரிங்குகளில். உடம்பு உறையைத் தொடக் கூடாது.

குழாய் நீளம் வெறும் கணக்கு. பி ஃபிளாட் சுருதி டிரம்பெட்டின் மொத்தக் குழாய் சுமார் 1480 மி.மீ. அரைச்சுரம் இறங்க 5.95 சதவீதம் கூட வேண்டும்: அரைச்சுரம் இறக்கும் இரண்டாம் வால்வுக்கு 88 மி.மீ., ஒரு சுரம் இறக்கும் முதல் வால்வுக்கு 181, ஒன்றரைச் சுரம் இறக்கும் மூன்றாவதுக்கு 280. ஒன்றையும் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் 269தான் வரும், வேண்டியதோ 280. அதனால் சுருதி ஏறும். இது வேலைப் பிழை இல்லை, எல்லா வால்வு வாத்தியத்துக்கும் உள்ளதுதான்.

அடுத்தது கார்க், அதாவது ரோட்டர் திரும்புவதை இரு பக்கமும் தடுத்து நிறுத்தும் கட்டை. பின்மூடியைக் கழற்றினால் பேரிங் தட்டிலும் ரோட்டர் தண்டின் முனையிலும் கோடுகள் தெரியும். லீவரை விட்ட நிலையிலும் அழுத்திய நிலையிலும் கோடும் கோடும் நேராக நிற்கணும். நிற்கும் வரை கார்க்கை பிளேடால் சீவுங்கள், ஒவ்வொரு சீவலும் காகிதக் கனத்துக்கு மேல் வேண்டாம். அரை மில்லி தள்ளி நின்றாலே காற்றுவழியில் படி விழுந்து சத்தம் அடைக்கும். கூடுதலாகச் சீவிவிட்டால் புதுக் கார்க்தான். ஒட்டுப் போட்டால் நிற்காது.

கசிவு பார்க்க, லீவரைத் தொடாமல் அந்த வால்வின் ஸ்லைடை (கூடுதல் குழாயின் இழுக்கும் வளைவை) முழுக்கக் கழற்றாமல் கொஞ்சம் வெளியே இழுங்கள். சில நொடி கழித்து லீவரை அழுத்தும்போது ‘பொப்’ என்றால் பொருத்தம் சரி.

பேரிங்குக்கு திருப்பூரில் பஞ்சமே இல்லாத தையல் மெஷின் எண்ணெய், ரோட்டர் உடம்புக்கு அதைவிட மெல்லியது. தேங்காய் எண்ணெய் மட்டும் ஆகாது. மார்கழிக் காலையில் உறைந்து லீவர் அசையாது.