உதகைத் தோட்டத்துக்கு ஒரு பனை

உதகையில் உள்ள அக்கா வீட்டுத் தோட்டத்துக்கு, சென்னை நர்சரிகளில் மலிவாகக் கிடைக்கும் அரேகா பாம் என்ற அலங்காரப் பனையை வாங்கி அனுப்பலாம் என்று வீட்டில் சொன்னார்கள். மார்கழி உறைபனியில் அது கருகிவிடும் என்பதால் நான் உடன்படவில்லை. என் தேர்வு, சீனாவைச் சேர்ந்த டிராக்கிகார்ப்பஸ் பார்ச்சூனி என்ற பனை. நார் போர்த்திய தண்டும் விசிறி ஓலையும் கொண்ட இம்மரம், நன்கு வேரூன்றிய பிறகு பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரையும் தாங்கக்கூடியது. இதன் உறவான டிராக்கிகார்ப்பஸ் டகில் நம் நாட்டில், உத்தராகண்டின் குமாவுன் மலைகளிலேயே இயற்கையாக வளர்கிறது.

வாங்கும்போது உயரத்தைவிடக் குருத்தைப் பார்ப்பதே முக்கியம். லேசாக இழுத்தாலே கையோடு வந்துவிடும் குருத்து, அழுகலின் அடையாளம். இப்பனைக்கு வளர்முனை ஒன்றே என்பதால், அது போனால் பெரும்பாலும் மரமே போயிற்று. நீர் தேங்காத இடமும் காற்றுக்கு மறைப்பும் வேண்டும் (கிழிந்து தொங்கும் ஓலையைப் பார்க்க எனக்குப் பிடிக்காது). சிறிய கன்றே போதும் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.