நான்காம் நாள் விளையும் கிழங்கு

2022 மார்ச் 31, வியாழன்

இன்று இலங்கையில் 13 மணி நேர மின்வெட்டு. அப்பா விறாந்தையில் இருட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மட்டக்களப்புப் படுவான்கரையில் பெரும்போக நெல் அறுவடை முடிந்த நாளிலிருந்து அப்படித்தான். ஏக்கருக்கு இருபத்தைந்து மூட்டை கண்ட எங்கள் வயல் வட்டை இம்முறை ஒன்பதோடு நின்றுவிட்டது. கடந்த ஆண்டு இரசாயன உரத்தைத் தடைசெய்தார்கள். நவம்பரில் தடையை எடுத்தும் யூரியா எங்கள் கைக்கு வரவில்லை. கடனைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை.

மின்சாரம் வந்ததும் மடிக்கணினியில் 'ஸ்டார்டியூ வேலி' (Stardew Valley) என்ற விவசாய விளையாட்டைத் திறந்தேன். அதில் பாட்டனார் விட்டுப்போன பற்றைக் காணி, பார்ஸ்னிப் விதை பதினைந்து. நான்காம் நாள் கிழங்கு தோண்டலாம். போட்டது விளைவதைப் பார்க்க எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஏப்ரல் 3, ஞாயிறு

ஊரடங்கு. சமூக ஊடகங்களையும் முடக்கிவிட்டார்கள். இந்த விளையாட்டுக்கு இணையம் தேவையில்லை என்பது பெரிய ஆறுதல். எரிக் பரோன் என்ற ஒருவர் படம், இசை, கதை எல்லாவற்றையும் தனியாகவே நான்கரை ஆண்டுகள் உழைத்து உருவாக்கி 2016இல் வெளியிட்டார். உழுதவனின் பொறுமை அதில் தெரிகிறது. ஒருநாள் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் பயிர் சாகாது. அன்றைக்கு வளராது, அவ்வளவுதான். இந்த நாட்களில் எனக்கு அந்த இரக்கம் வேண்டியிருக்கிறது.

ஆனால் விளையாட்டுக்குள் படுத்துத் தூங்கினால்தான் அன்றைய வேலை பதிவாகும். மடிக்கணினியின் பேட்டரி செத்துப்போனது. நேற்று மாலை நடுவில் மின்சாரம் போய், நட்ட பூக்கோவா அத்தனையும் இல்லாமல் போயிற்று. மறுபடி நட்டேன்.

ஏப்ரல் 9, சனி

அப்பா என் பின்னால் வந்து நின்றார்.

"உரம் போடாமலா விளைகிறது?"

"போடாமலும் விளையும் அப்பா. போட்டால் தரம் கூடும்."

நெடுநேரம் பார்த்தார். "வாய்க்காலுக்குப் பக்கத்தில் நடு மகன், தூக்கிச் சுமக்க வேண்டாம்" என்றார். ஒரு மாதத்தில் அவராகப் பேசிய முதல் பேச்சு. அடுப்படியில் அம்மா கரண்டியைக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

ஏப்ரல் 14, வியாழன்

சித்திரைப் புத்தாண்டு. புது உடுப்பு இல்லை. அம்மா ஒரு சுண்டு அரிசியில் பொங்கினார்.

ஏப்ரல் 22, வெள்ளி

விளையாட்டில் என் வீட்டுத் தொலைக்காட்சி மறுநாள் மழையா வெயிலா என்று சொல்லும். இப்போது அப்பா தினமும் அதைக் கேட்கிறார். மழை என்றால், "அப்படியென்றால் நாளைக்கு உனக்குத் தண்ணீர் வேலை இல்லை" என்று தானே சொல்லிக்கொள்கிறார். இன்று காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு வட்டைக்குப் போனார். சிறுபோகத்துக்கு ஒரு ஏக்கர் மட்டும், மாட்டெருவோடு விதைக்கலாம் என்று வந்து சொன்னார். அம்மா மறுக்கவில்லை.

மாலை நான் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தேன். அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பதறி வந்தார்.

"போய்ப் படு மகன், மின்சாரம் போகப்போகிறது. இன்றைக்குச் செய்ததெல்லாம் வீணாகிவிடும்."