வெள்ளவத்தையில் ஒரு நண்டும் ரேச்சல் கார்சனும்

ஒரு கையெழுத்துக்காக யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் கொழும்புக்கு வந்தால், நாளைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். சரி, ஒரு பகல் சும்மா கிடைத்தது. வெள்ளவத்தையில் பெரியம்மா வீட்டில் பையைப் போட்டுவிட்டு, மெரைன் டிரைவையும் தண்டவாளத்தையும் கடந்து கரைக்கு இறங்கினேன். கையில் அமெரிக்கக் கடல் உயிரியலாளரும் எழுத்தாளருமான ரேச்சல் கார்சனின் 'தி எட்ஜ் ஒஃப் த சீ', கரையோர உயிர்களைப் பற்றி 1955இல் வந்த புத்தகம்.

அதை வைத்துக்கொண்டு இங்கே கரை பார்ப்பது கொஞ்சம் விசர் வேலைதான். அவர் வீடு கட்டியிருந்த மெய்ன் மாநிலத்தில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே கடல் மூன்று மீற்றர் அளவுக்கு ஏறி இறங்கும். கொழும்பில் ஒரு மீற்றர்கூட இல்லை. ஆனாலும் ரயில் பாதையைக் காக்கப் போட்ட பாறைகளில் நண்டுகள் இருந்தன. ஒன்று, அலை வரும்போது பாறையோடு தட்டையாக ஒட்டிக்கொண்டது. அலை வடிந்ததும் பச்சைப் பாசியைச் சுரண்டத் தொடங்கியது. ஒரு கை வாய்க்குப் போகும்போது மற்றக் கை அடுத்த கவளத்தை எடுக்கிறது. என் நிழல் விழுந்ததுதான் தாமதம், இடுக்குக்குள் போய்விட்டது. இருபது நிமிடம் காத்திருந்தும் வரவில்லை.

கார்சன் பிறந்தது 1907இல், கடலே இல்லாத பென்சில்வேனியாவின் உட்பகுதியில். கடலை நேரில் கண்டது 1929இல், வூட்ஸ் ஹோல் ஆய்வுகூடத்துக்குப் போனபோது. பிறகு மீன்வளத் திணைக்களத்தில் வேலை. அங்கே ஒரு கையேட்டுக்கு அவர் எழுதிக் கொடுத்த முன்னுரையை மேலதிகாரி ஏற்கவில்லை. காரணம், அரசாங்கக் கையேட்டுக்கு அது மிகவும் நன்றாக இருந்ததாம்! சஞ்சிகைக்கு அனுப்பச் சொன்னார். 1937இல் 'அட்லாண்டிக்'கில் வந்தது. உருப்பெருக்கியில் பார்க்கக் கொண்டுவந்த உயிர்களை வாளியில் திரும்பக் கொண்டுபோய்க் கடலிலேயே விடுவாராம். எனக்கு அவரை அப்படித்தான் பிடிக்கும்.

இணையத்தில் வேறு கதை. 1962இல் பூச்சிமருந்துகளின் கேட்டைப் பற்றி 'சைலன்ட் ஸ்பிரிங்' என்ற புத்தகம் எழுதி, நுளம்புக்கு அடிக்கும் டிடிடி என்ற மருந்தை நிறுத்தி, மலேரியாவைத் திரும்பக் கொண்டுவந்தவர் என்று, அதுவும் இலங்கையைச் சாட்சிக்கு இழுத்துத் திட்டுகிறார்கள். இங்கே 1946இல் சுமார் 28 இலட்சம் பேருக்கு மலேரியா. டிடிடி அடித்த பிறகு, 1963இல் வெறும் 17 பேர். நோய் ஒழிந்ததென்று மருந்தடிப்பதை விட்டார்கள். 1968-69இல் மறுபடி இலட்சக்கணக்கில் வந்தது. அமெரிக்கா டிடிடியைத் தடை செய்ததோ 1972இல்தான். நோய் பரப்பும் பூச்சிகள் மருந்துக்குப் பழகிவிடும் என்றும் அதே புத்தகத்தில் கார்சன் எழுதியிருந்தார். 1964இல் புற்றுநோயால் இறந்துவிட்டதால், இந்த வழக்கில் பதில் சொல்ல அவர் இல்லை.

பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது இதைப் பெரியம்மாவிடம் கதைத்தேன். அவர் வளர்ந்தது வவுனியாப் பக்கம்.

"டிடிடிக்காரர் வந்தால் எங்கட சுவரெல்லாம் வெள்ளையாப் படிஞ்சு கிடக்கும். முதல்ல மூட்டைப்பூச்சியும் சேர்ந்து செத்தது. பிறகு அதுகள் சாகேல்லை, தம்பி. அம்மா இனி உள்ளுக்கு விடமாட்டன் எண்டிட்டா."

புத்தகத்தில் ஒரு அத்தியாயம் முழுக்கப் படித்ததை மூட்டைப்பூச்சியை வைத்தே முடித்துவிட்டார்.

தெருமுனையில் டெங்கு நுளம்புக்குப் புகை அடிக்கிற மெசின் சத்தம் கேட்டது. பெரியம்மா கோப்பையை வைத்துவிட்டு ஜன்னல்களைச் சாத்த எழுந்தார்.