திங்கட்கிழமை மட்டும் மக்கர் பண்ணிய ஜீப்பு

கம்பத்திலிருந்து வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற பழைய டீசல் ஜீப்பு என்னுடையது. காலை 5 மணிக்குக் கிளம்பியாக வேண்டும். ஒரு நாள் சாவியைத் திருகினால் 'டக்'கென்று ஒரு சத்தம், அதோடு சரி, செல்ஃப் சுற்றவே இல்லை. தூக்குவாளியோடு நின்ற அக்காமார்தான் தள்ளிவிட்டார்கள். அடுத்த வாரமும் அதே கதை. "தம்பி, தள்ளுறதுக்குத் தனிக் கூலி குடு"ன்னு ஒரு அக்கா கேட்டே விட்டது.

பேட்டரிக்கு நாலு வருசம் ஆகியிருந்தது. கடையில் பார்த்தவர் "செல் போயிருச்சு" என்றார், நானும் யோசிக்காமல் புதுசு மாட்டினேன், 75 ஏ.எச். (ஆம்பியர்-மணி, பேட்டரி எவ்வளவு கரண்ட் பிடிக்கும் என்கிற அளவு). அடுத்த வாரமே மறுபடி 'டக்'. கடைக்காரர் லோடு டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு பேட்டரியில் குறையே இல்லை, அதற்குச் சார்ஜ் ஏற்றுகிற டைனமோவைப் பாருங்கள் என்றார். வண்டியை ஓட விட்டு டெர்மினலில் மீட்டர் வைத்தால் 14.2 வோல்ட், லைட்டைப் போட்டாலும் 13.9-க்குக் கீழே இறங்கவில்லை. டைனமோ நல்லாத்தான் இருக்கு. பழைய பேட்டரியை எக்ஸ்சேஞ்சில் வேறு கொடுத்துத் தொலைத்திருந்தேன், அதுவும் நல்லாத்தான் இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அன்றைக்குத்தான் உறைத்தது, நின்றதெல்லாம் திங்கட்கிழமை. செவ்வாய் புதன் எல்லாம் ஒரு தொந்தரவும் இல்லை. ஞாயிறு லீவு, சனிக்கிழமை சாயங்காலம் நிறுத்துகிற வண்டியைத் திங்கள் விடியற்காலைதான் தொடுகிறேன். வண்டி சும்மா நிற்கும்போது ஏதோ ஒன்று கரண்டைக் குடிக்கிறது.

கம்பம்மெட்டில் செக்போஸ்ட்டைத் தாண்டி எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிற சேட்டன் ஒருவர் இருக்கிறார். விவரம் சொன்னதும், "பேட்டரி அல்லடா, லீக்காணு" (பேட்டரி இல்லடா, கரண்ட் கசியுது) என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குத் திரும்பிவிட்டார். எப்படிப் பார்ப்பது என்று மட்டும் சொன்னார், நானே வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன்.

சாவியை எடுத்துவிட்டு, மைனஸ் ஒயரை மட்டும் கழற்றி (பிளஸ்ஸை முதலில் கழற்றப் போனால் ஸ்பேனர் பாடியில் பட்டு நெருப்புப் பறக்கும்), மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து, ஒரு முள்ளை ஒயரிலும் இன்னொன்றை மைனஸ் டெர்மினலிலும் வைக்க வேண்டும். எந்நேரமும் கரண்ட் கேட்கிற கம்ப்யூட்டர் பெட்டி எதுவும் இல்லாத பழைய ஜீப்பு, மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யத்தில் நிற்க வேண்டும். 0.9 ஆம்பியர் காட்டியது. நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன், மீட்டரைப் பிடித்தபடியே பையனைச் சாவி போடச் சொன்னேன், அவன் செல்ஃபையும் சேர்த்து அடித்துவிட்டான், மீட்டருக்குள் இருந்த ஃப்யூஸ் போயே போச்சு. அதை வாங்கிப் போட்டுத் தொடர ரெண்டு நாள்.

ஃப்யூஸ் பெட்டியில் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகும் அதே 0.9. டைனமோ டையோடு வழியாகவும் கசியும் என்று சேட்டன் சொல்லியிருந்ததால் அதன் தடித்த ஒயரையும் கழற்றினேன், அப்போதும் இறங்கவில்லை. வெறுத்துப் போய் சீட்டில் சாய்ந்தபடி கையைக் கீழே விட்டால், அடியில் இருந்த ஆம்ப்ளிஃபயர் பூனை படுத்து எழுந்த இடம் மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது, பாட்டு எதுவும் ஓடவில்லை, அப்புறம் இது ஏன் சுட வேண்டும்?

தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து நேராக ஒரு சிவப்பு ஒயர், நடுவில் தனி ஃப்யூஸ். ஃப்யூஸ் பெட்டிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆம்ப்பை எழுப்புகிற மெல்லிய நீல ஒயரையும் மாட்டினவர் அதே சிவப்பிலேயே முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார், அது தூங்கவே தூங்காது. அந்த ஃப்யூஸை எடுத்ததும் மீட்டர் 0.01.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். வார நாளில் ராத்திரி 11 மணி நேரம், 10 ஏ.எச். போகும், மறுநாள் ஓட்டத்தில் ஏறிவிடும். சனி சாயங்காலம் முதல் திங்கள் காலை வரை 35 மணி நேரம் என்றால் 32 ஏ.எச்., பேட்டரியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் பாதிக்கு மேல் மீதி இருந்தும் ஏன் சுற்றவில்லை? அங்கேதான் இன்னொன்று ஒளிந்திருந்தது. மீட்டரை 20 வோல்ட் டிசியில், ஒரு முள்ளை பேட்டரி மைனஸிலும் மற்றதை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடித்தால் 1.3 வோல்ட். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது. பேட்டரி மைனஸிலிருந்து இன்ஜினுக்குப் போகிற எர்த் ஒயரின் போல்ட்டுக்கடியில் பச்சையாக உப்புப் பூத்திருந்தது, மலையில் மழைக்காலம் முழுக்க நனைகிற வண்டி. கழற்றி எமரி தாளால் தேய்த்து இறுக்கினேன், 0.2-க்கு வந்தது. நிறைந்த பேட்டரி இந்தக் குறையைச் சமாளித்துக்கொண்டு இருந்திருக்கிறது, பாதி பேட்டரியால் முடியவில்லை.

நீல ஒயரைச் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற லைனுக்கு மாற்றிவிட்டேன். அதற்கடுத்த திங்கள் காலை மீட்டரில் 12.6, பாதிச் சுற்றிலேயே ஸ்டார்ட். ஆனால் டீக்கடையில் நிறுத்திச் சாவியை எடுத்தால் இப்போது பாட்டும் நின்றுவிடுகிறது. அக்காமாருக்கு அதுதான் பெரிய மனக்குறை, பழைய மாதிரியே மாட்டிவிடச் சொல்லிக் கேட்கிறார்கள்.