நீல மாத்திரையும் சாயத்தண்ணியும்

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள சாக்கடையில் நீலமாக ஏதோ கரைந்து கிடந்தது. குனிந்து பார்த்தால் இரும்புச்சத்து மாத்திரை. ஏழெட்டு இருக்கும். மதியச் சாப்பாடு முடிந்ததும் என் கண்முன்னே தண்ணீர் குடித்து, "விழுங்கிட்டோம் டீச்சர்" என்று வாயைத் திறந்து காட்டிய பிள்ளைகள்தான். நாக்குக்கு அடியில் ஒளித்து வைக்கும் வித்தையை எந்த வகுப்பில் படித்தார்களோ!

நீலகிரியில் பந்தலூர் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி. பிள்ளைகளில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத்து வீடுகள்; 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களின் வழி. ஆறாம் வகுப்பிலிருந்து வாரத்துக்கு ஒரு நீல மாத்திரை, இரும்போடு 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் சேர்ந்தது.

நான் திட்டவில்லை என்று எழுத ஆசைதான். திட்டினேன். அப்புறம்தான் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: "அம்மாதான் துப்பச் சொன்னாங்க டீச்சர். வெளிக்குக் கறுப்பா போகுது. நாளைக்குப் புள்ள தங்காதாம்."

உடம்பு எடுத்துக்கொள்ளாத இரும்புதான் அப்படிக் கறுப்பாகப் போகிறது, பயப்பட ஒன்றுமில்லை. இதை நான் யாருக்கும் சொன்னதே இல்லை. கரும்பலகையில் ரத்த அணுவை மட்டும் அழகாக வரைந்திருந்தேன்.

சரி, பெற்றோரைக் கூப்பிடுவோம் என்று மூன்று மணிக்குக் கூட்டம் போட்டேன். வந்தது நான்கு பேர். அதில் ஒரு தாத்தா ரேஷன் கார்டு விஷயமாக வந்தவர். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. எங்கள் பதிவேட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் மூன்று மணிக்கு அந்தப் பெண்கள் மலைச்சரிவில் இலை பறித்துக்கொண்டிருப்பார்கள். வந்தால் கூலி போகும். இருட்டிய பிறகு கூப்பிடலாம் என்றால் பாதையில் யானை நிற்கும்.

இடையில் கிடைப்பது இலை எடை போடக் காத்திருக்கும் அரைமணி நேரம். மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டு நர்ஸம்மாவோடு அங்கே போனேன். நல்ல மழை. மூட்டைகள்மேல் சாய்ந்தபடி கேட்டார்கள். கறுப்பு விஷயத்தை நர்ஸம்மா பச்சையாக விளக்க, ஒரே சிரிப்பு. சோற்றோடு சாயத்தண்ணி, அதாவது பால் கலக்காத டீ, குடித்தால் கீரை, பருப்பில் உள்ள இரும்பை உடம்பில் சேரவிடாமல் தேயிலை தடுக்கும் என்றதும் சிரிப்பு நின்றது.

"அப்ப நாங்க பறிக்கிற எலதான் எங்க புள்ளைக ரத்தத்தக் குடிக்குதுங்கிறியா?" என்றார் ஒரு கிழவி.

எனக்கு வாய் எழவில்லை. பக்கத்தில் இருந்தவர்தான் காப்பாற்றினார்: "இந்தக் குளுருக்குக் குடிக்காதன்னு சொல்லாத டீச்சர். எப்பக் குடிக்கணும்னு சொல்லு." சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து என்றார் நர்ஸம்மா. "அப்ப சட்டிபானையெல்லாம் கழுவிக் கவுத்துட்டு அடுப்புல தண்ணி வைப்போம்" என்று அவர்களே முடிவு செய்தார்கள். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் பின்னால் காய்க்கும் கொய்யாவைச் சோற்றோடு கொடுத்தால் இரும்பு நன்றாகச் சேரும் என்றதற்கு ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை.

கிளம்பும்போது பணியர் பழங்குடியைச் சேர்ந்த ஓர் அம்மா தன் மகளைப் பற்றிக் கேட்டார். நர்ஸம்மா அவரைத் தனியாக அழைத்துப் போய், முதலில் ரத்தப் பரிசோதனை என்றார். ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாள் அணுச் சோகை இந்தியாவில் 1952இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதாம். வெளுத்திருக்கிற பிள்ளைக்கெல்லாம் இரும்புதான் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான்.

இந்த வாரம் சாக்கடையில் இரண்டு மாத்திரைகள் கிடந்தன. யார் வேலை என்று தெரியும். அவன் அம்மா தோட்டத்தின் வேறு டிவிஷனில் இலை பறிக்கிறார். அங்கே எடை நாலரைக்கு.